அறுபது நானோ வினாடியும் ஒரு லூஸ் காண்டாக்டும்

கேபிள் முழுதாகக் கழன்று விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. திரையில் சிக்னல் இல்லை என்று வந்திருக்கும். யாராவது ஒரு டெக்னீஷியன் போய்ச் சொருகிவிட்டு வந்திருப்பார். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாரும் மறந்திருப்பார்கள். பாதி கழன்று பாதி நின்றதுதான் வினை. மூன்று வருடத்துக்கு மேல் அது அப்படியே நின்றது. 2011 செப்டம்பரில், ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைனையே சந்தேகிக்கும் நிலைக்கு உலகத்தைக் கொண்டுபோய் நிறுத்தியது.

சென்சாரில் தொடங்கி கம்ப்யூட்டரில் முடியும் வேலைதான் என்னுடையது. புதிதாக வருகிறவர்களிடம் பிரிதிறன், சாம்பிளிங் வேகம், அளவுத்திருத்தம் என்று அகராதி போலச் சொன்னால் தலையாட்டுவார்கள். மறுநாள் கேட்டால் முழிப்பார்கள். அதனால் இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. மின்னணுத் தரவு சேகரிப்பில் புழங்கும் அடிப்படைச் சொற்களில் பாதிக்கு மேல் இதற்குள் இருக்கின்றன. அதுவும் ஒவ்வொன்றும் தன் முழு குணத்தோடு.

பந்தயம்

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான்களை முடுக்கி ஒரு கிராஃபைட் இலக்கில் மோதவிடுவார்கள். அதிலிருந்து கிளம்பும் துகள்கள் சிதைந்து நியூட்ரினோ என்ற மின்னூட்டமில்லாத நுண்துகள்களைத் தரும். நியூட்ரினோவுக்குப் பாறையும் ஒன்றுதான், வெற்றிடமும் ஒன்றுதான். பூமிக்குள் நேர்கோட்டில் 730 கிலோமீட்டர் போய், இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில் இருக்கும் ஆய்வகத்தைக் கடக்கும். தலைக்கு மேல் 1,400 மீட்டர் பாறை. பக்கத்தில் நெடுஞ்சாலைச் சுரங்கம். அங்கே ஓபரா என்றொரு கருவி. ஈயத் தகடும் ஒளிப்படக் குழம்புப் படலமும் மாற்றி மாற்றி அடுக்கிய செங்கற்கள், சுமார் ஒன்றரை லட்சம். நியூட்ரினோ என்றால் நம்மவர்களுக்குத் தேனி பொட்டிப்புரத்து ஆய்வகத் திட்டம்தான் நினைவுக்கு வரும். அந்த வாதத்தை இங்கே இழுக்கவில்லை, அது தனிக்கதை.

ஓபராவைக் கட்டியது வேகம் அளப்பதற்காக அல்ல. மியூவான் வகை நியூட்ரினோ வழியிலேயே டௌ வகையாக மாறுவதைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக. வேகம் பக்க வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் என்றால் தூரம் வகுத்தல் நேரம். தூரத்தில் பெரிய சிக்கல் வரவில்லை. ஜிபிஎஸ் கொண்டு நிலம் அளந்து, மலைக்கு வெளியே இருந்து சுரங்கத்துக்குள் அளவைக் கொண்டுபோய், 731,278 மீட்டர், கூடக் குறைய 20 சென்டிமீட்டர் என்று சொன்னார்கள். 2009 ஏப்ரலில் லாக்விலா நிலநடுக்கம் வந்தபோது ஆய்வகம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நகர்ந்தது. அதுகூட அவர்கள் வரைபடத்தில் ஒரு படியாகத் தெரிந்தது. அவ்வளவு கவனமான ஆட்கள்.

அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரம் 2.439 மில்லி வினாடி. நானோ வினாடியில் சொன்னால் இருபத்துநாலு லட்சத்துச் சொச்சம். நியூட்ரினோக்கள் அதைவிட 60.7 நானோ வினாடி முன்னால் வந்துவிட்டன என்பதுதான் 2011 செப்டம்பர் 23 அன்று செர்ன் அரங்கில் வாசிக்கப்பட்ட செய்தி. தூரக் கணக்கில் சொன்னால், 730 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒளியை 18 மீட்டர் முந்தியிருக்கிறது.

எங்கே தொடக்கம், எங்கே முடிவு

ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி சுடும் இடம் ஒன்று, கயிறு கட்டிய இடம் ஒன்று. இங்கே இரண்டுமே சிக்கல்.

செர்ன் பக்கத்தில், இலக்குக்கு 743 மீட்டர் முன்னால், புரோட்டான் கற்றையைச் சுற்றி ஒரு மின்னோட்ட மாற்றி வைத்திருந்தார்கள். கற்றை உள்ளே பாயும்போது அதன் சுருளில் மின்சாரம் தூண்டப்படும். இதுதான் உணரி, அதாவது சென்சார்: ஒரு பௌதிக நிகழ்வை மின் சமிக்ஞையாக மாற்றித் தருவது. அதன் பட்டை அகலம் சுமார் 400 மெகா ஹெர்ட்ஸ். வினாடிக்கு 40 கோடி முறை ஏறி இறங்கும் சமிக்ஞை வரை அது ஓரளவு உண்மையாகப் பின்தொடரும். அதற்கு மேல் வேகமாக நடப்பதை மழுங்கடித்துவிடும்.

அந்தச் சமிக்ஞை ஒரு டிஜிட்டைசருக்குப் போகிறது. வினாடிக்கு 100 கோடி சாம்பிள், அதாவது ஒரு நானோ வினாடிக்கு ஒரு தடவை எட்டிப்பார்த்து மின்னழுத்தத்தை எண்ணாகக் குறித்துக்கொள்ளும். சாம்பிளிங் வேகம் என்பது இதுதான். ஒரு சமிக்ஞையில் இருக்கும் அதிகபட்ச அலைவெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சாம்பிள் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத அலை இருப்பதுபோல் காட்டும். 400 மெகா ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு 100 கோடி சாம்பிள் போதும். இந்தப் பொருத்தத்தைப் பார்க்காமல் விலை அதிகமான டிஜிட்டைசரை வாங்கி மெதுவான சென்சாரில் மாட்டுகிறவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். குறுகலான வாய்க்காலுக்கு அகலமான மதகு வைத்தால் தண்ணீர் கூட வந்துவிடாது.

சிக்கல் என்னவென்றால், கற்றை ஒரு குத்தாக வரவில்லை. ஒவ்வொரு தடவையும் 10.5 மைக்ரோ வினாடி நீளத்துக்குப் பாய்ந்தது. இத்தாலியில் சிக்கிய ஒரு நியூட்ரினோ அந்தப் பாய்ச்சலின் எந்தக் கணத்தில் பிறந்தது என்று சொல்ல வழியே இல்லை. 60 நானோ வினாடியைத் தேடுகிறோம். தொடக்கக் கோடே 10,500 நானோ வினாடி அகலம்.

அதற்கு அவர்கள் செய்தது கூட்டக் கணக்கு. தேர்த் திருவிழாவில் கீழவாசல் வழியாக நுழைந்த கூட்டம் எந்த நேரத்தில் பெருத்தது, எப்போது மெலிந்தது என்று ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். மேலவாசல் வழியாக வெளியே வந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவரை மட்டும் நிறுத்தி நேரம் குறித்து இன்னொரு கோடு வரையுங்கள். இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நகர்த்தினால், எவ்வளவு நகர்த்தும்போது பொருந்துகிறதோ அதுதான் சராசரியாக உள்ளே நடக்க ஆகும் நேரம். மூன்று வருடத்தில் சேர்ந்த 16,111 நியூட்ரினோ நிகழ்வுகளை இப்படிப் பொருத்தினார்கள். நல்ல யோசனை. கற்றையின் முன்விளிம்பும் பின்விளிம்பும் செங்குத்தாக இருந்ததால் பொருத்தமும் கூர்மையாகக் கிடைத்தது.

முடிவுக் கோட்டில் மினுக்குப் பட்டைகள். துகள் ஊடுருவினால் பிளாஸ்டிக் பட்டை ஒரு சிறு ஒளியை உமிழும். ஒளிபெருக்கிக் குழாய் அதை மின் துடிப்பாக்கும். பக்கத்தில் இருக்கும் மின்னணுப் பலகை அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணியின் மதிப்பை எடுத்து ஒட்டிவிடும். இதற்கு நேர முத்திரை என்று பெயர். தபால் நிலையத்தில் கடிதத்தின்மேல் குத்துவதுபோலத்தான். எண்ணி 10 நானோ வினாடிக்கு ஒரு எண் நகரும். ஆகவே நேரத்தின் பிரிதிறன் 10 நானோ வினாடி. அதற்குள் நடந்த இரண்டு நிகழ்வுகளுக்கு ஒரே முத்திரைதான் விழும்.

10 நானோ வினாடி கோடு போட்ட அளவுகோலை வைத்துக்கொண்டு 6.9 நானோ வினாடிப் பிழையோடு பதில் சொல்வது எப்படி என்று ஒருவர் கேட்டால் அவர் உருப்படுவார். ஒற்றை அளவீட்டின் பிரிதிறன் வேறு, ஆயிரக்கணக்கான அளவீடுகளின் சராசரியில் உள்ள நிச்சயமின்மை வேறு. சிதறல் சீரற்றதாக இருந்தால் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் அது சுருங்கும். நூறு தடவை எடுத்தால் பத்தில் ஒன்று. ஆனால் சுருங்குவது சிதறல் மட்டும்தான். எல்லா அளவீட்டையும் ஒரே பக்கம் தள்ளும் பிழை நூறு தடவை எடுத்தாலும் அப்படியே இருக்கும். லட்சம் தடவை எடுத்தாலும் இருக்கும்.

தாமதங்களின் பட்டியல்

இரண்டு ஊரிலும் ஒரே நேரம் ஓட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜிபிஎஸ் ரிசீவரும் சீசியம் அணுக் கடிகாரமும் 2008இல் வைத்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் தேசிய அளவியல் நிறுவனம் அளவுத்திருத்தம் செய்தது, அதாவது நம்பகமான அளவோடு ஒப்பிட்டு விலகலைக் குறித்துக் கொடுத்தது. ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனம் தனியாகச் சரிபார்த்து, இரண்டு ஊர் நேரத்துக்கும் இடையே 2.3 நானோ வினாடி மட்டும் விலகல் என்று சொன்னது. அதற்கு முன்பு இருந்த ஜிபிஎஸ் ஏற்பாட்டில் 100 நானோ வினாடி அளவுக்குத்தான் நம்பலாம். டௌ வேட்டைக்கு அது தாராளம். வேகத்துக்காகத்தான் இந்த மாற்றம்.

அப்புறம் கேபிள்கள். சமிக்ஞை எந்தக் கம்பியில் போனாலும் நேரம் பிடிக்கும். கண்ணாடி இழையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோ வினாடி. சென்சாருக்கும் டிஜிட்டைசருக்கும் நடுவில் 580 நானோ வினாடி, கூடக் குறைய 5. செர்ன் நேரப் பகிர்மானத் தொடரில் 10,085, கூடக் குறைய 2. மினுக்குப் பட்டையில் ஒளி பிறந்து முத்திரை விழும் வரை 50.2, கூடக் குறைய 2.3. கிரான் சாஸ்ஸோவில் ஜிபிஎஸ் ஆண்டெனா மலைக்கு வெளியே. ஓபராவின் தலைமைக் கடிகாரம் மலைக்கு உள்ளே. நடுவே 8.3 கிலோமீட்டர் ஒளியிழை. அதன் தாமதம் 40,996 நானோ வினாடி, கூடக் குறைய 1.

கடைசி வரியை இன்னொரு தடவை பாருங்கள். பட்டியலிலேயே கவலை குறைந்த வரிகளில் ஒன்று அது. ஒரே ஒரு நானோ வினாடிதான் பிழை என்று எழுதியிருந்தது.

ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பகுப்பாய்வைக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தார்கள். 2006இன் பழைய தூரத்தையும் பழைய தாமதங்களையும் வைத்தே கணக்குப் போட்டு, 1,048.5 என்று ஒரு அர்த்தமில்லாத எண்ணை எடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் புதிய திருத்தங்களின் கூட்டுத்தொகையான 987.8ஐக் கழித்தார்கள். மிச்சம் 60.7. விரும்பிய விடைக்குக் கணக்கை வளைக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் கண்ணைக் கட்டுவது மனிதனின் ஆசையிலிருந்து காப்பாற்றும், கனெக்டரிலிருந்து காப்பாற்றாது.

அவர்கள் சொன்ன முடிவு: 60.7 நானோ வினாடி. சிதறலால் வரும் புள்ளியியல் பிழை 6.9, ஒரே பக்கம் தள்ளும் முறைசார் பிழை 7.4. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 10.1. 60.7ஐ அதனால் வகுத்தால் 6. பிழையின் அளவைப்போல் ஆறு மடங்கு; இதைத்தான் ஆறு திட்டவிலக்கம் என்பார்கள். துகள் இயற்பியலில் ஐந்து இருந்தாலே கண்டுபிடிப்பு என்று அறிவிப்பார்கள்.

பாதி திறந்த குழாய்

இனி அந்த இழையின் கடைசி முனைக்குப் போவோம்.

வெளியே இருக்கும் ஜிபிஎஸ் அமைப்பு ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் ஒரு ஒளித் துடிப்பை இழைக்குள் அனுப்புகிறது. அதன் வேலை, இதுதான் சரியான நேரம் என்று தலைமைக் கடிகாரத்துக்குச் சொல்வது. இழை ஒரு கனெக்டர் வழியாகக் கடிகாரப் பலகையில் திருகப்பட்டிருக்கிறது. அந்தத் திருகு முழுதாக இறுகவில்லை. இழையின் நுனிக்கும் உள்ளே இருக்கும் ஒளி டயோடுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி, கொஞ்சம் கோணல். ஒளி போய்ச் சேர்கிறது, ஆனால் குறைவாக.

சரி, ஒளி குறைந்தால் நேரம் ஏன் மாற வேண்டும்? ஒளியின் வேகம் குறையவில்லையே?

குறையவில்லை. மாறியது எதைத் துடிப்பு என்று ஏற்பது என்ற கணம். ஒளி டயோடில் ஒளி விழுந்ததும் மின்னழுத்தம் ஒரே தாவலில் மேலே போய்விடாது. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒரு மின்தேக்கத் தன்மை இருக்கும்; அது நிரம்ப நிரம்பத்தான் அழுத்தம் ஏறும். சுற்று அந்த ஏற்றத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. முன்கூட்டியே வைத்த வரம்பு மட்டத்தைத் தொட்ட கணத்தில்தான் துடிப்பு வந்தது என்று தலையாட்டும். தெருக்குழாயில் குடம் வைத்து, கழுத்து வரை நிரம்பியதும் குரல் கொடு என்று பிள்ளையை நிறுத்தியிருக்கிறீர்கள். குழாய் முழுதாகத் திறந்திருந்தால் குரல் ஒரு நிமிடத்தில் வரும். யாரோ பாதி மூடிவிட்டார்கள் என்றால், குடம் கட்டாயம் நிரம்பும், குரலும் கட்டாயம் வரும், ஆனால் தாமதமாக. உள்ளே இருந்து குரலை மட்டும் கேட்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அந்தத் தாமதம் சுமார் 73 நானோ வினாடி. எலக்ட்ரானிக்ஸ் பெஞ்சில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மின் துடிப்பைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் ஒரு பெரிய துடிப்பையும் அதே துடிப்பின் பாதி உயரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், இரண்டும் ஒரே புள்ளியில்தான் கிளம்பும். ட்ரிகர் மட்டத்தை, அதாவது அந்த வரம்பை, இரண்டும் வெட்டும் இடம் மட்டும் தள்ளித் தள்ளி இருக்கும். உயரம் மாறினால் நேரம் நகரும். நேரம் அளக்கிறவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. ஆனாலும் ஆளாளுக்குக் கடைசியில்தான் கற்கிறோம்.

இப்போது திசையைப் பார்க்க வேண்டும். கடிகாரத்துக்குச் செய்தி தாமதமாக வந்தால் நியூட்ரினோ முன்னால் வந்ததாகத் தெரியுமா, பின்னாலா? பலர் இங்கே தடுமாறுவார்கள். வானொலிச் செய்திக்கு முன் வரும் பீப் ஒலியில் கடிகாரத்தைத் திருத்தும் பழக்கம் முன்பு வீட்டுக்கு வீடு இருந்தது. அந்த பீப் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது என்று வையுங்கள். 7.20க்குக் கேட்டதை 7.15 என்று நம்பிக் கடிகாரத்தை வைத்துவிட்டீர்கள். இப்போது வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. எட்டு மணி பஸ் சரியாக எட்டுக்கு வருகிறது. நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்: 7.55. இன்று பஸ் சீக்கிரம் வந்துவிட்டதே! பஸ் எப்போதும்போலத்தான் வந்தது.

வேகமாக ஓடிய கடிகாரம்

கோளாறு ஒன்றோடு நிற்கவில்லை. தலைமைக் கடிகாரத்துக்குள் சீராக அதிர்ந்து நேரத்தை எண்ண உதவிய படிக ஆஸிலேட்டர் வினாடிக்கு 124 நானோ வினாடி கூடுதலாக ஓடியது. இதற்குப் பெயர் விலகல் ஓட்டம். வினாடிக்கு 124 என்பது கைக்கடிகாரத்துக்கு அபாரமான தரம். நாள் முழுக்க ஓடினாலும் நூறில் ஒரு வினாடிதான் தப்பும். இங்கே பிரச்சினை, எண்ணிகள் 0.6 வினாடிக்கு ஒரு முறைதான் சுழியத்துக்குத் திருப்பப்பட்டன. ஒரு சுற்றின் முடிவுக்கு வருவதற்குள் 74 நானோ வினாடி வரை தப்பிவிடும். நியூட்ரினோக்கள் அந்தச் சுற்றில் எந்த இடத்தில் விழுந்தன என்பதைப் பொறுத்துச் சராசரியாகச் சுமார் 15 நானோ வினாடி பிழை வந்தது.

வேகமாக ஓடும் கடிகாரம் பஸ் தாமதமாக வந்ததாகக் காட்டும். ஆக, இது கனெக்டருக்கு எதிர்த்திசை. ஒரு கோளாறு இன்னொன்றில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டது. இரண்டும் ஒரே திசையில் இருந்து விலகல் இன்னும் பெரிதாகியிருந்தால் கேபிளைத்தான் முதலில் சந்தேகித்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நிரூபிக்க முடியாத எண்ணம்தான்.

துல்லியம் என்ற ஒரு சொல்

தமிழில் நமக்கு ஒரு தொல்லை இருக்கிறது. துல்லியம் என்று ஒரே சொல்லை இரண்டு காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம். திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே விடை வருகிறதா என்பது ஒன்று. வரும் விடை உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பது மற்றொன்று. நான் முதலாவதை ஒருமைப்பாடு என்றும் இரண்டாவதைச் சரித்தன்மை என்றும் சொல்லிப் பழகிக்கொண்டேன். நல்ல சொற்கள் என்று சண்டை போட மாட்டேன். வேறு வேறு சொற்களாக இருந்தால் போதும். காய்கறிக் கடைத் தராசில் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தால், நூறு தடவை நிறுத்தாலும் நூறு தடவையும் ஒரே எடைதான் காட்டும். அதன் ஒருமைப்பாட்டில் குறையில்லை.

ஓபராவின் ஆறு திட்டவிலக்கம் பேசியது சிதறலையும், பட்டியலில் எழுதிய முறைசார் பிழைகளையும் பற்றி மட்டும். பட்டியலில் இல்லாத பிழைக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒளியிழை பட்டியலில் இருந்தது. 40,996 என்று மதிப்பும் இருந்தது, ஒன்று என்று பிழையும் இருந்தது. இல்லாதது அந்த மதிப்பு எந்தத் தேதியில், கனெக்டர் எந்த நிலையில் இருந்தபோது எடுக்கப்பட்டது என்பதற்குத் தர வேண்டிய கவனம். அளவுத்திருத்தச் சான்றிதழில் தேதி போடுவது அலங்காரத்துக்கு அல்ல. கழற்றி மாட்டிய ஒவ்வொரு கனெக்டரும் அந்தத் தேதியைக் காலாவதி ஆக்கிவிடுகிறது.

2011 அக்டோபர் கடைசியில் அவர்கள் இன்னொரு சோதனை செய்தார்கள். 10.5 மைக்ரோ வினாடிப் பாய்ச்சலுக்குப் பதிலாக 3 நானோ வினாடி அகலமான குத்துகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 524 நானோ வினாடி. இப்போது ஒவ்வொரு நியூட்ரினோவும் எந்தக் குத்தில் பிறந்தது என்று தனித்தனியாகச் சொல்லலாம். கூட்டக் கணக்கே தேவையில்லை. 20 நிகழ்வுகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் 16 நானோ வினாடி அளவு சிதறல்; அதில் பெரும்பகுதி கடிகாரம் ஜிபிஎஸ் துடிப்பை 50 நானோ வினாடிப் படிகளில் பிடித்ததால் வந்த நடுக்கம். 20இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழை 3.7. விடை 62.1. பழைய விடையோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

செய்தித்தாள்கள் இதை இரண்டாம் சோதனையும் உறுதி செய்தது என்று எழுதின. உறுதியானது கூட்டக் கணக்கில் தப்பில்லை என்பது மட்டும்தான். கடிகாரம் அதேதான், கனெக்டரும் அதேதான். அதே தராசில் வேறு காயை நிறுத்தார்கள்.

வெளியிட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் தேடியும் காரணம் கிடைக்கவில்லை, நீங்களும் பாருங்கள் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். ஆனால் உலகச் செய்தியாளர்களைக் கூப்பிடும் முன் ஒரு ஆள் ஏணியும் மீட்டருமாகப் போய், ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றி மாட்டி, முனைக்கு முனை தாமதத்தைப் புதிதாக அளந்திருக்கலாம். அதற்கு ஆகிற நேரம் சில நாட்கள்.

மாட்டியது

வெளியே இருந்த இயற்பியலாளர்கள் கேபிளைப் பார்க்க முடியாது. அதனால் வேறு பக்கத்திலிருந்து தட்டிப்பார்த்தார்கள். 1987இல் வானில் தெரிந்த சூப்பர்நோவா என்ற நட்சத்திர வெடிப்பின் நியூட்ரினோக்கள் ஒன்றரை லட்சம் ஒளியாண்டுக்கு மேல் கடந்து, ஒளிக்குச் சில மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்தன. ஓபரா சொன்ன வேகத்தில் ஓடியிருந்தால் ஏறக்குறைய நாலு வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றின் ஆற்றல் மிகக் குறைவு, ஒப்பிடக் கூடாது என்று தப்பிக்க ஒரு சந்து இருந்தது. கோஹென், கிளாஷோ என்ற இரண்டு இயற்பியலாளர்கள் அதை அடைத்தார்கள்: ஒளியை மிஞ்சிய நியூட்ரினோ வழியெல்லாம் எலக்ட்ரான் இணைகளை உதிர்த்து ஆற்றலை இழந்திருக்க வேண்டுமே என்றார்கள். பக்கத்துக் கூடத்தில் ஐகாரஸ் என்ற இன்னொரு நியூட்ரினோக் கருவியை வைத்திருந்த குழு தேடிப்பார்த்தது. அப்படி உதிர்ந்த தடயம் இல்லை.

2011 டிசம்பரில் ஓபரா குழுவே இழைத் தொடரின் தாமதத்தை மறுபடி அளந்தபோது எண் ஒத்துவரவில்லை. கனெக்டரைத் திருகினால் தாமதம் குறைந்தது. ஆஸிலேட்டர் விவகாரமும் அப்போதுதான் வெளிப்பட்டது. 2012 பிப்ரவரியில் செய்தி வெளியே கசிந்தது. மறுநாள் செர்ன் ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டது.

ஆனால் டிசம்பரில் லூசாக இருந்த கனெக்டர் 2009இலும் லூசாகத்தான் இருந்தது என்று எப்படிச் சொல்வது? கழன்ற திருகு தேதி சொல்லாது. இந்த வழக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதே மலைக்கு அடியில், கொஞ்ச தூரத்தில், எல்விடி என்று இன்னொரு கருவி, தன் சொந்தக் கடிகாரத்தோடு இருந்தது. மலையின் ஒரு திசையில் பாறை மெலிந்திருப்பதால் அண்டவெளிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் துகள்கள் ஏறக்குறைய கிடைமட்டமாக வந்து இரண்டு கருவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்துக்கொண்டு போகும். ஒரே மியூவான், இரண்டு கடிகாரத்தில் இரண்டு முத்திரை. பல வருடத் தரவிலிருந்து அப்படி 306 மியூவான்களைப் பொறுக்கி எடுத்தார்கள். இரண்டு முத்திரைக்கும் உள்ள வித்தியாசம் 2008 ஆகஸ்டு வரை ஒரு மதிப்பு. அதன் பிறகு 2011 டிசம்பர் வரை 73 நானோ வினாடி தள்ளி இன்னொரு மதிப்பு. அப்புறம் மறுபடி பழைய இடம். வேகத் தரவு முழுவதும் அந்த நடுப்பகுதிக்குள் சேகரித்தது.

யாரும் இதற்காகத் திட்டமிட்டு அந்த மியூவான்களை எண்ணவில்லை. நேர முத்திரையோடு கச்சாத் தரவை அழிக்காமல் வைத்திருந்தார்கள். அது போதுமாக இருந்தது. டிஸ்க் நிரம்பிவிட்டது, சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடலாமா சார் என்று கேட்கிறவர்களுக்கு இந்த 306 மியூவான்களைத்தான் காட்டுகிறேன்.

2012 மார்ச்சில் ஐகாரஸ் தன் ஏழு நிகழ்வுகளை வைத்து, ஒளிக்கும் நியூட்ரினோவுக்கும் வித்தியாசமே இல்லை என்றது. அந்த மாதக் கடைசியில் ஓபராவின் செய்தித் தொடர்பாளர் அன்டோனியோ எரெடிடாட்டோவும் இயற்பியல் ஒருங்கிணைப்பாளர் டாரியோ ஆட்டியேரோவும் பதவி விலகினார்கள். மே மாதம் மறுபடி குறுகிய குத்துகளை அனுப்பி, ஓபரா, ஐகாரஸ், எல்விடி, போரெக்சினோ என்று அந்த மலைக்கு அடியில் இருந்த நாலு கருவிகளும் தனித்தனியாக அளந்தன. நாலும் ஒளி வேகத்தோடு ஒத்துப்போயின. ஓபராவின் திருத்திய விடை 6.5 நானோ வினாடி; புள்ளியியல் பிழை 7.4, முறைசார் பிழை எட்டுச் சொச்சம். பிழைக்குள் அடங்கிவிட்ட எண், அதாவது சுழியம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வருடம் டிசம்பரோடு கற்றை நிறுத்தப்பட்டது. சேர்த்து வைத்த செங்கற்களை ஒவ்வொன்றாகக் கழுவிப் படித்துக்கொண்டே போனார்கள். 2015இல் ஐந்தாவது டௌ நியூட்ரினோ கிடைத்தது. ஓபரா எதற்காகக் கட்டப்பட்டதோ அது ஐந்து திட்டவிலக்கத்தைத் தாண்டி உறுதியானது. அந்த வேலைக்கு நேரம் நானோ வினாடிக் கணக்கில் தேவைப்படவே இல்லை. கனெக்டர் லூசாக இருந்த வருடங்களில் பதிவான செங்கற்களும் அந்தக் கணக்கில் உண்டு.